பாஸ்கல் கம்பவுண்டரின் மூன்று சீசாக்கள்

பூந்தமல்லி பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் சந்தில் டாக்டர் சண்முகசுந்தரம் கிளினிக் வைத்திருந்த காலத்தில், அந்த ஊருக்கு மொத்தமே மூன்று வியாதிகள்தான். காய்ச்சல், இருமல், வயிறு. மற்ற வியாதியெல்லாம் இவற்றுக்கு ஏதோ ஒரு வகையில் சொந்தக்காரர்கள் என்பது டாக்டரின் கட்சி. அதனால் கம்பவுண்டர் பாஸ்கலின் அறையில் மூன்று பெரிய சீசாக்கள் இருந்தன. காய்ச்சலுக்குச் சிவப்புத் தண்ணீர், இருமலுக்குப் பழுப்பு, வயிற்றுக்கு வெள்ளை.

நோயாளிகள் வீட்டிலிருந்து காலி பாட்டில் கொண்டுவருவார்கள். பாஸ்கல் அதில் மருந்தை ஊற்றி, ஒரு காகிதப் பட்டையை மடித்து, ஓரத்தைக் கத்தரியால் வெட்டிப் பிரிப்பார். பல் பல்லாக வரும். அதைப் பசை தடவி பாட்டிலில் ஒட்டிக் கொடுப்பார். ஒரு பல் ஒரு வேளை. எழுதப் படிக்கத் தெரியாதவர்கூடத் தப்பில்லாமல் குடிக்கலாம். அந்தப் பட்டையை அவ்வளவு நேர்த்தியாக வெட்டுகிற ஆள் ஆவடி வரைக்கும் கிடையாது என்று டாக்டரே சொல்லியிருக்கிறார்.

டாக்டர் அவருக்குச் சொல்லிக்கொடுத்த தொழில் தர்மம் ஒன்று உண்டு. வந்தவரை வெறுங்கையோடு அனுப்பாதே. மருந்து தேவையில்லை என்றாலும் கொஞ்சம் வெள்ளைத் தண்ணீரையாவது ஊற்றிக் கொடு. வெறும் பாட்டிலோடு வீட்டுக்குப் போகிறவன் அடுத்த தடவை வேறு டாக்டரிடம் போய்விடுவான். பாஸ்கல் இதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

டாக்டர் ஆறு மணிக்குத்தான் வருவார். ஜனங்கள் நாலரைக்கே வந்து பெஞ்சில் இடம் பிடிப்பார்கள். கூடவே பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள். சும்மா உட்கார முடியுமா, வீட்டுப்பாட நோட்டைத் திறப்பார்கள். எண்பத்திரண்டாம் வருஷம் ஒரு நாள், ஒரு பெண் குழந்தை மருந்து கொடுக்கும் சின்ன ஜன்னலில் தலையை நீட்டி, "மாமா, ராஜ்ய சபாவுல மொத்தம் எத்தினி பேரு?" என்று கேட்டது.

பாஸ்கலுக்கு ராஜ்ய சபா எங்கே இருக்கிறது என்பதே நிச்சயமில்லை. ஆனால் அன்று மத்தியானம் ரேடியோவில் யாரோ அதைப் பற்றிப் பேசினார்கள். "அதிகபட்சம் இருநூத்தி அம்பது" என்றார். மறுநாள் அந்தக் குழந்தை பெரிய டிக் மார்க்கோடு வந்து நோட்டைக் காட்டியது. பெஞ்சே எட்டிப் பார்த்தது. அந்த ஒரு டிக் மார்க்கில் விழுந்த மனுஷன் எட்டு வருஷம் எழுந்திருக்கவில்லை.

அதன் பிறகு கேள்விகள் வரிசை கட்டி வந்தன. தமிழ்ச் செய்யுள், குடிமையியல், இங்கிலீஷ். கணக்கை மட்டும் யாரும் கேட்கவில்லை. கணக்குக்கு விடை தவறினால் உடனே தெரிந்துவிடும் என்பதால் பாஸ்கலும் அந்தப் பக்கம் ஆசை காட்டவில்லை. தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்தது. வெறும் பாட்டிலோடு எப்படி அனுப்புவது?

யோசித்து யோசித்து, பாஸ்கல் மூன்று பதில்களைத் தயாரித்தார். தமிழ்ச் செய்யுள் எதுவானாலும்: 'புலவர் இப்பாடலில் இயற்கையின் அழகையும் அறத்தின் சிறப்பையும் ஒருங்கே எடுத்துரைக்கிறார். படிப்போர் நெஞ்சம் உருகுகிறது.' அரசாங்கம் பற்றியதானால்: 'மக்களாட்சியில் இது இன்றியமையாதது. இதன்றி நாடு முன்னேறாது. இதற்குப் பல அதிகாரங்களும் சில கடமைகளும் உண்டு.' இங்கிலீஷுக்கும் மூன்று வாக்கியம் வைத்திருந்தார். இவர் ஒரு பெரிய மனிதர், நமக்கு நல்ல பாடம் புகட்டுகிறார், நாம் இவரைப் பின்பற்ற வேண்டும் என்பது அதன் சாரம்.

சும்மா சொல்லக்கூடாது, பெரும்பாலும் பலித்தது. இரண்டு மார்க் கேள்விக்கு ஒரு வாக்கியம், அதுதான் ஒரு பல். ஐந்து மார்க்குக்கு முழுப் பதில். பத்து மார்க் கேள்வியானால் கொஞ்சம் தண்ணீர் கலந்து குலுக்கிக் கொடுப்பார். அதாவது அதே வாக்கியங்களை முன்பின்னாக மாற்றி இன்னொரு தடவை எழுதச் சொல்வார். கூட்டம் அதிகமானபோது, காலை வேளையில் சும்மா இருக்கும் நேரத்தில் பதில்களைக் காகிதப் பட்டைகளில் எழுதி ஒரு டப்பாவில் அடுக்கி வைத்துக்கொண்டார். தலைப்பு வரும் இடத்தில் ஒரு கோடு. பிள்ளைகள் நிரப்பிக்கொள்ள வேண்டியதுதான். கவர்னருக்கும் அதே பட்டை, கிராமப் பஞ்சாயத்துக்கும் அதே பட்டை.

தெருவில் அவர் மதிப்பு எங்கேயோ போய்விட்டது. சந்து முனையில் பூ விற்கும் வடிவு, "கம்பவுண்டர் கைல மருந்தும் கீது, படிப்பும் கீது" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். அவள் பெரிய மகள் பத்மா ஜன்னலின் நிரந்தர வாடிக்கை. பாஸ்கலின் மனைவி ஞானகுமாரி மட்டும் எதுவும் சொல்லமாட்டாள். அவர் பெருமை பேசும்போது கறிவேப்பிலையை உருவிக்கொண்டே கேட்பாள்.

எண்பத்தெட்டாம் வருஷம் மெட்ராஸ் ஐ ஊரையே வளைத்துப் பிடித்தது. கிளினிக்கில் நிற்க இடமில்லை. பாஸ்கல் இடது கையில் சொட்டு மருந்தும் வலது கையில் பஞ்சுமாக நின்றார். ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் ஒரு கும்பலாக ஜன்னலுக்கு வந்து, "மாமா, சிவிக்ஸ், அஞ்சு மார்க்" என்றார்கள். தலைப்பு என்ன என்று கேட்க அவருக்கு நேரமில்லை. "அந்த டப்பாவுல கீது, ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கினு போங்க. கோடு போட்ட எடத்துல தலைப்பைப் போட்டுக்கோங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கண்ணைத் திறந்தார்.

ஒரு வாரம் கழித்து, அந்தப் பெண்களின் டீச்சர் வசந்தகுமாரி கிளினிக்குக்கு வந்தார். கண்ணில் ஒன்றுமில்லை, இருமலும் இல்லை. கையில் ஒரு கட்டு நோட்டு. வரிசையில் தன் முறை வரும்வரை உட்கார்ந்திருந்து, ஜன்னலுக்கு வந்து நின்றார்.

"சார், ஒரு சந்தேகம். லஞ்சம் பத்தி ஒரு பத்தி எழுதணும். நீங்க சொல்வீங்கன்னு சொன்னாங்க."

"தாராளமா டீச்சர்" என்றார் பாஸ்கல். நாக்கு அது பாட்டுக்குப் புறப்பட்டுவிட்டது. "லஞ்சம் மக்களாட்சியில..." என்று ஆரம்பித்து, அடுத்த வார்த்தையைத் தானே கேட்டு அப்படியே நின்றார்.

"சொல்லுங்க சார். இருபத்திரண்டு நோட்டுல படிச்சிட்டேன். உங்க வாயால கேக்கணும்னு ஆசை."

டீச்சர் கட்டின் மேலே இருந்த நோட்டைப் பிரித்து, யாருக்கும் கேட்காத குரலில் அவரே படித்தார். லஞ்சம் மக்களாட்சியில் இன்றியமையாதது. இதன்றி நாடு முன்னேறாது. இதற்குப் பல அதிகாரங்களும் சில கடமைகளும் உண்டு.

"இதுல பொய்யின்னு சொல்லவும் எனக்கு மனசு வரல" என்றார் டீச்சர். "ஆனா மார்க் போட முடியாதே. தெரியலேன்னா தெரியலேன்னு சொல்லிடக்கூடாதா சார்?"

"கம்பவுண்டர் வாயில அது வரக்கூடாது டீச்சர். அப்புறம் மருந்து மேலயே ஜனங்களுக்கு நம்பிக்கை பூடும்."

டீச்சர் நோட்டை மூடினார். "நீங்க எது வரைக்கும் படிச்சிருக்கீங்க?"

"எஸ்.எஸ்.எல்.சி."

"பாஸா?"

பாஸ்கல் தலையை ஆட்டினார். மேலும் கீழுமாக ஆட்டினாரா, பக்கவாட்டில் ஆட்டினாரா என்று பார்த்தவர்களுக்குச் சொல்லத் தெரியாது. இந்த ஆட்டல் அவருக்குப் பழக்கமானது. கல்யாணத்தின்போது பெண் வீட்டார் கேட்டதற்கும் இதே மாதிரிதான் ஆட்டினார்.

ஒரு வாரம் ஜன்னலில் பதில் நிறுத்தம். பிள்ளைகளின் அம்மாக்கள் சண்டைக்கு வந்துவிட்டார்கள். எங்கள் பிள்ளை மட்டும் உங்களுக்கு இளக்காரமா என்று கேட்டார்கள். எட்டாம் நாள் டப்பா மறுபடி திறந்தது. லஞ்சத்துக்கு மட்டும் கொடுப்பதில்லை என்று ஒரு திருத்தம் செய்துகொண்டார். மனசாட்சிக்கு அது போதுமானதாக இருந்தது.

தொண்ணூறாம் வருஷம் பத்மா பத்தாவது பரீட்சை எழுதினாள். ஜூனில் ரிசல்ட் வந்த அன்று வடிவு மகளைச் சந்து முனையிலிருந்தே திட்டிக்கொண்டு வந்தாள். இங்கிலீஷில் பத்தொன்பது, சமூக அறிவியலில் இருபத்தியாறு.

"அந்த மனுஷன் மருந்து கலக்குற நேரத்துல கூட உனுக்குச் சொல்லிக் குடுத்தாரே. அப்படியும் பெயிலாயிட்டு வந்து நிக்கிறியே. அவுரு மூஞ்சில எப்படிடி முழிப்பே?"

பத்மா ஜன்னல் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். பாஸ்கல் வெள்ளை சீசாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அந்தப் பெண் திட்டு வாங்குவது தன்னால்தான் என்று அவருக்குத் தெரிந்தது. தெரிந்தும் வாய் வரவில்லை. அன்று அவர் வெட்டிய பட்டைகள் ஒன்றுகூட நேராக வரவில்லை.

அதே ஜூன் மாதம் டாக்டர் அவரை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். டாக்டர் உட்காரச் சொன்னாலே நல்ல சேதி இல்லை. டிசம்பரோடு கிளினிக்கை மூடிவிட்டு மகனோடு கோயம்புத்தூரில் போய் இருக்கப்போகிறாராம். "உனக்கு வழி பண்ணாம போவேனா? அம்பத்தூர் எஸ்டேட்ல எனக்குத் தெரிஞ்ச கம்பெனி. முதலுதவி ரூம்ல ஆள் வேணுமாம். நிரந்தர வேலை. போய்ப் பாரு."

போய்ப் பார்த்தார். கம்பெனி ஆபீசர் அவர் காகிதப் பட்டை வெட்டுவதைப் பார்க்க ஆசைப்படவில்லை. எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் சர்ட்டிபிகேட் மட்டும் கேட்டார். டிசம்பர் கடைசிக்குள் கொண்டுவந்தால் ஜனவரி ஒன்றிலிருந்து வேலை, இல்லையென்றால் வரிசையில் அடுத்த ஆள்.

பாஸ்கலுக்கு முப்பத்தெட்டு வயது. கிளினிக் போனால் வேறு கம்பவுண்டர் வேலை கிடைக்காது. புது டாக்டர்கள் மாத்திரைச் சீட்டை எழுதி மருந்துக்கடைக்கு அனுப்பிவிடுகிறார்கள், சீசாவுக்கு அங்கே வேலையில்லை. அவரிடம் இருந்ததெல்லாம் ஒரு பழைய மார்க் ஷீட். அதில் இங்கிலீஷுக்கு எதிரே இருந்த எண்ணை இருபத்திரண்டு வருஷமாக அவர் யாருக்கும் காட்டியதில்லை. ஞானகுமாரி கடைக்குப் போன நேரமாகப் பார்த்து, டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்துத் தேடினார். கிடைக்கவில்லை.

"இதத்தான் தேடிகினு கீறீங்களா?"

ஞானகுமாரி வாசலில் நின்றாள். அலமாரியில் தன் கல்யாணப் புடவைக்கு அடியிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து நீட்டினாள். மடிப்புக் கலையாமல் இருந்தது.

"உனுக்கு எப்போ தெரியும்?"

"கல்யாணத்துக்கு முன்னாடியே. எங்க நைனா உங்க இஸ்கூலுக்கே போய் விசாரிச்சுகினு வந்துட்டாரு."

"தெரிஞ்சுமா பொண்ணு குடுத்தாரு?"

"பையன் குடிக்க மாட்டான், இங்கிலீஷ்லதான் பெயிலு, இங்கிலீஷ் இன்னா சோறா போடப்போவுதுன்னு சொன்னாரு." கொஞ்சம் நிறுத்தி, "இப்போ போடுது பாருங்க" என்றாள்.

பாஸ்கல் கவிழ்த்த பெட்டியின் நடுவில் உட்கார்ந்துகொண்டார். பதினான்கு வருஷம் தலையை ஆட்டி ஆட்டிக் காப்பாற்றிய ரகசியம் கல்யாணத்துக்கு முன்பே காலாவதியாகியிருந்தது. வெட்கமாக இருந்தது. அதற்கும் மேலே, பெரிய மூட்டையை இறக்கி வைத்த மாதிரியும் இருந்தது. இவளிடம் இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று தன் மேலேயே கோபம் வந்தது.

பழைய பாடத்திட்டம் எப்போதோ ஒழிந்துவிட்டதால், எல்லாப் பாடமும் புதிதாக எழுத வேண்டும் என்று விசாரித்ததில் தெரிந்தது. கணக்கும் அறிவியலும் அவரைப் பயமுறுத்தவில்லை. அளவுக் குவளையோடு வாழ்ந்தவர் அவர். மிச்சம் இருந்தவை தமிழ், சமூக அறிவியல், இங்கிலீஷ். எட்டு வருஷமாக ஊருக்கே பதில் கொடுத்த அதே மூன்று சீசா.

பூந்தமல்லியிலேயே டுடோரியல் இருந்தது. அங்கே போனால் விடிவதற்குள் மாங்காடு வரைக்கும் சேதி போய்விடும். அதனால் அம்பத்தூரில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடி டுடோரியலைத் தேடிப் பிடித்தார். சனி, ஞாயிறு வகுப்பு. முதல் ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசையை முடித்துக்கொண்டு, பஸ் பிடித்து, படியேறி, கதவோரக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். தெரிந்த முகம் ஒன்றும் இல்லை. அப்பாடா என்று நிமிர்ந்தபோது முன் பெஞ்சில் ஒரு சடை திரும்பியது.

பத்மா. அவளும் ஊருக்குத் தெரியக்கூடாது என்றுதான் இவ்வளவு தூரம் வந்திருந்தாள்.

"மாமா, நீங்க இன்னா இங்க?"

"இங்க எப்படி நடத்துறாங்கன்னு சும்மா பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார் பாஸ்கல். மடியில் இருந்த நாற்பது பக்க நோட்டை மெல்ல பெஞ்சுக்கு அடியில் தள்ளினார்.

மாஸ்டர் எத்திராஜ் உள்ளே வந்தார். நரைத்த மீசையும் பிரம்பு இல்லாத குறையுமாக இருந்தார். ஒரு இங்கிலீஷ் பாடத்தைக் கையில் எடுத்தார். ராத்திரியில் வீடு புகுந்து, வெள்ளிச் சாமானைச் சுருட்டிக்கொண்டு, போகிற வழியில் கிணற்றில் விழுந்த திருடன் ஒருவனின் கதை. படித்து முடித்துவிட்டு, "கடைசி பெஞ்ச் பெரியவரே, எழுந்திருங்க. இந்தத் திருடனோட குணத்தைப் பத்தி மூணு வாக்கியம்" என்றார்.

பாஸ்கல் எழுந்தார். முப்பது தலைகள் திரும்பின. வெறும் பாட்டிலோடு அனுப்பக்கூடாது. நாக்கு புறப்பட்டது. திருடன் ஒரு பெரிய மனிதர், நமக்கு நல்ல பாடம் புகட்டுகிறார், நாம் அவரைப் பின்பற்ற வேண்டும் என்று மணிமணியான இங்கிலீஷில் சொல்லி முடித்தார்.

மாடியே அதிர்ந்தது. எத்திராஜ் மாஸ்டர் மீசையைக் கையால் மூடிக்கொண்டார். பத்மா மட்டும் சிரிக்கவில்லை. அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். அந்த மூன்று வாக்கியத்தையும் அவள் மார்ச் மாதப் பரீட்சையில் நாலு இடத்தில் எழுதியிருந்தாள்.

திரும்பும்போது இருவரும் ஒரே பஸ். அவள் முன் சீட்டில், அவர் பின் சீட்டில். அயனம்பாக்கம் ஏரிக்காற்று உள்ளே வந்தபோது பாஸ்கல் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"பத்மா, எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா."

வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொன்னார். கூரை இடிந்து விழும் என்று எதிர்பார்த்தார். பஸ் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"அது எனக்கு மார்ச்சுல பரீட்சை எழுதும்போதே தெரியும் மாமா" என்றாள் பத்மா, திரும்பாமலே.

"தெரிஞ்சும் உங்கம்மா திட்டும்போது சும்மா இருந்தியே."

"சொன்னா அம்மா உங்ககிட்ட மருந்து வாங்க வரமாட்டாங்க. அவங்க இருமல் உங்க கை மருந்துலதான் நிக்குது."

பாஸ்கலுக்குக் கண் கலங்கிவிட்டது. ஏரிக்காற்று என்று சொல்லிக் கைக்குட்டையை எடுத்தார். பிறகு பையிலிருந்து பட்டைக் காகிதம் ஒன்றை எடுத்து மடித்தார். இனிமேல் தெரியாதது ஒவ்வொன்றையும் ஒரு பல்லில் எழுதிக்கொள்வது, மறு வகுப்புக்குள் தேடிக் கண்டுபிடிப்பது, இருவரும் மாற்றிக் கேட்டுக்கொள்வது என்று ஏற்பாடு. பத்மா கேட்டாள்: "கவர்னரை நியமிக்கிறது யாரு?" பாஸ்கல் வாயைத் திறந்தார், மூடினார், ஒரு பல்லில் எழுதிக்கொண்டார்.

நாலு மாசத்தில் பட்டைகள் நிறையச் சேர்ந்தன. கவர்னரை ஜனாதிபதி நியமிக்கிறார் என்று தெரிந்தபோது பாஸ்கல் பிரமித்துப் போனார். இத்தனை பேருக்கு அவரைப் பற்றிப் பதில் கொடுத்திருக்கிறோமே, ஒரு நாளாவது அவர் எங்கிருந்து வருகிறார் என்று கேட்டோமா என்று நினைத்துக்கொண்டார். செய்யுள் படித்தபோது இன்னும் ஆச்சரியம். ஒரு புலவர் இயற்கையைத் தொடவே இல்லை. பரிசு கொடுக்காமல் இழுத்தடித்த அரசனை வரிக்கு வரி வைதிருந்தார். அதை ஞானகுமாரிக்கு வாசித்துக் காட்டினார். கறிவேப்பிலை கையோடு நின்றது. "இன்னோருக்கா படிங்க" என்றாள்.

இதற்கிடையில் பதில் பட்டைகளை அவர் நிறுத்தியதும் ஜன்னலில் பிள்ளைகள் தவித்தார்கள். பரீட்சை முடியும்வரை கண் வலி, எழுத முடியாது என்று சொல்லி அவர்களைத் தள்ளிப்போட்டார். ஊர் நம்பியது. சொன்னவர் கம்பவுண்டராயிற்றே.

அக்டோபரில் ஆவடியில் பரீட்சை. ஹாலில் இருந்த மற்றவர்களுக்கு அவர் வாத்தியார் வயசு. வாசலில் நின்ற பெற்றோர் சிலர் அவருக்கு வணக்கம் வைத்தார்கள். எண் வரிசையில் பத்மாவுக்கு நேர் பின் பெஞ்ச் அவருக்கு அமைந்தது.

இங்கிலீஷ் தாளில் ஒரு பாத்திரத்தின் குணத்தை எழுதச் சொல்லியிருந்தார்கள். பேனா தானாக 'இவர் ஒரு பெரிய' என்று எழுதிவிட்டது. பாஸ்கல் அதை அடித்துவிட்டு, அந்த ஆள் உண்மையில் எப்படிப்பட்டவன் என்று யோசித்தார். கருமி, ஆனால் நாயிடம் பாசமாக இருந்தான். இருந்த இங்கிலீஷில் அதை எழுதினார். அடுத்தது கடிதம். செய்த தவறு ஒன்றுக்கு வருத்தம் தெரிவித்து உங்கள் ஆசிரியருக்குக் கடிதம் எழுதுக.

பாஸ்கல் மின்விசிறியை நிமிர்ந்து பார்த்தார். முன்னால் பத்மா குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். அவர் ஆரம்பித்தார். டுடோரியலில் மனப்பாடம் செய்த கடிதம் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. சின்னச் சின்ன வாக்கியமாக இங்கிலீஷில் எழுதினார். 'அன்புள்ள டீச்சர். நான் இருபத்திரண்டு பெண்களுக்குத் தப்பான பதில் கொடுத்தேன். எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல வெட்கம். அதில் ஒரு பெண் பெயிலானாள். அவள் அம்மா அவளைத் திட்டினாள். என்னைத் திட்டவில்லை. அந்தப் பெண் இப்போது எனக்கு முன்னால் எழுதிக்கொண்டிருக்கிறாள். அவள் பாஸ் செய்ய வேண்டும். என்னை மன்னிக்கவும்.' விடைத்தாளில் சொந்தப் பெயர் எழுதக்கூடாது என்பது விதி. அதனால் வாழ்க்கையில் அவர் எழுதிய ஒரே உண்மையான பாவமன்னிப்புக்குக் கீழே, தங்கள் உண்மையுள்ள எக்ஸ் ஒய் இசட் என்று கையெழுத்துப் போட்டார்.

டிசம்பர் முதல் வாரம் ரிசல்ட். இங்கிலீஷில் பத்மா ஐம்பத்திரண்டு, பாஸ்கல் முப்பத்தேழு. அவர் மற்ற மார்க்குகளைப் பார்க்கவே இல்லை. அந்த முப்பத்தேழை ஞானகுமாரியிடம் காட்டினார். அவள் அதை வாங்கி, பழைய மார்க் ஷீட் இருந்த இடத்திலேயே, கல்யாணப் புடவைக்கு அடியில் வைத்தாள். "கம்பெனிக்காரன் கேட்டா நானே எடுத்துக் குடுக்கிறேன்" என்றாள். அன்று சாயங்காலமே பாஸ்கல் வசந்தகுமாரி டீச்சர் வீட்டுக்குப் போய், அன்றைக்கு ஆட்டிய தலைக்கு விளக்கம் சொல்லிவிட்டு வந்தார். டீச்சர் காப்பி கொடுத்தார்.

பாஸ் செய்த சேதி ஊரில் பரவியது. முன்பே பாஸ்தானே, எதற்கு மறுபடி எழுதினார் என்று ஒருவரும் கேட்கவில்லை. பெரிய படிப்பு ஏதோ படித்திருக்கிறார் என்று அவர்களாகவே முடிவு கட்டிக்கொண்டார்கள். கண் வலியும் சரியாகிவிட்டது என்று தெரிந்ததும் ஜன்னலில் பழையபடி கூட்டம் சேர்ந்தது.

கிளினிக்கின் கடைசி வாரம். பெஞ்ச் நிறைய ஆள். வடிவு இருமலோடு வந்திருந்தாள். கூடவே பத்மாவும், பத்மாவின் தங்கையும். சின்னவள் ஜன்னலில் நோட்டை வைத்தாள். "மாமா, சட்ட மேலவைன்னா இன்னா? அஞ்சு மார்க்."

பாஸ்கலுக்கு அந்த டப்பா கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. பழைய பட்டைகள் ஏழெட்டு இன்னும் உள்ளே கிடந்தன. பெஞ்ச் மொத்தமும் அவர் வாயைப் பார்த்தது. இன்னும் நாலு நாள்தான், அப்புறம் இந்த ஜன்னலே இருக்காது. ஒரே ஒரு பட்டை கொடுத்துப் பழைய கம்பவுண்டராகவே போய்விடலாம். யார் கேட்கப்போகிறார்கள்? பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த பத்மாவைப் பார்த்தார். அவள் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியாதும்மா" என்றார்.

பெஞ்சில் ஒரு சலசலப்பு. யாரோ இருமலை அடக்கிக்கொண்டார்கள். "கொஞ்சம் கொஞ்சம் தெரியும். முழுசாத் தெரியல. புத்தகத்தைப் பார்த்து நாளைக்குச் சொல்றேன்" என்று சொல்லி, பட்டை ஒன்றை வெட்டி, முதல் பல்லில் கேள்வியைக் குறித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

வடிவு எழுந்து ஜன்னலுக்கு வந்தாள். மருந்து பாட்டிலை வாங்கிக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. நிஜமான கவலை இருந்தது.

"இன்னா ஆச்சு கம்பவுண்டரே உங்களுக்கு? முன்னாடியெல்லாம் கேள்வியைக் கேட்டு முடிக்கிறதுக்குள்ள பதில் வந்து நிக்கும். இப்போ இம்மாத்தூண்டு பொண்ணு கேக்குறதுக்குக்கூட முழிச்சுகினு கீறீங்களே."

"இன்னா பண்றது வடிவக்கா" என்றார் பாஸ்கல். "படிச்சிட்டேனே."